ஆடும் பாம்பல்ல, தள்ளாடும் பாம்பு: நிறத்துக்காக வளர்க்கப்பட்ட உயிர்களின் வரலாறு



போன தவணையில் ஒருநாள் மாலை, தானா ராத்தா பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் தமிழ் படிக்கும் படிவம் 5 மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து கைப்பேசியை நீட்டினான். "டீச்சர், இந்தப் பாம்பு டான்ஸ் ஆடுது பாருங்க." மஞ்சளும் பழுப்புமாக, உடம்பெல்லாம் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடிய குட்டி மலைப்பாம்பு ஒன்று தலையைத் தூக்கியது; கழுத்தைத் திருகியது; தலைகீழாகக் கவிழ்ந்தது; மறுபடியும் தூக்கியது. பின்னணியில் ஒரு பாட்டு. "சேர்த்து வச்ச காசு இருக்கு டீச்சர். இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பாம்புக்கு ஏதோ கோளாறு என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான், அது டார்வின் காலம்வரை பின்னோக்கிப் போகிற ஒரு வரலாற்றின் கடைசிப் பக்கம் என்று புரிந்தது. அந்த மாணவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். மரபியல் படிப்பவர்களுக்குப் பாடமாகவும், விலங்கு நலம் பற்றிக் கட்டுரை எழுதுபவர்களுக்குச் சான்றாகவும் இது பயன்படும்.

நம் மலைப் பாம்பும் கைப்பேசிப் பாம்பும்

கேமரன் மலையில் பாம்பு புதிதல்ல. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். இந்த மலைக்கே உரிய பச்சை நிறக் குழிவிரியன் ஒன்று உண்டு. 2004இல்தான் அது தனி இனம் என்று கண்டு டிரைமெரெசூரஸ் நெபுலாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். நெபுலா என்ற இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி என்று பொருள். பனி படர்ந்த காட்டில் இலையோடு இலையாக மறைந்திருக்க அதன் பச்சை உதவுகிறது. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது காடு. நிறம் நன்றாக இருந்து உடம்பு சரியில்லாத பாம்பைக் காடு விட்டுவைக்காது. இரையைக் குறி தவறாமல் பிடிக்க வேண்டும், கிளையில் நிலையாக நிற்க வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் அதற்குச் சந்ததி.

கைப்பேசியில் பார்த்த பாம்பின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதக் கண். கண்ணுக்கு நிறம்தான் முக்கியம். இரையைக் கூண்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்துவிடலாம், கிளையில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அது ஆட்டமல்ல

மகுடிக்குப் பாம்பு ஆடுவதாகச் சொல்வார்கள். உண்மையில் அது இசைக்கு ஆடவில்லை, மகுடியின் அசைவைப் பின்தொடர்கிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். கைப்பேசிப் பாம்பின் ஆட்டம் அதுவும் இல்லை. அது தள்ளாட்டம்.

அந்த இனத்துக்குப் பந்து மலைப்பாம்பு என்று பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வாழ்வது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். சாது, அதிகம் வளராது. அதனால்தான் உலகம் முழுக்க வீடுகளில் வளர்க்கிறார்கள். அதில் 'சிலந்தி' என்று அழைக்கப்படும் ஒரு நிற வகை உண்டு. உடம்பில் சிலந்தி வலைபோன்ற மெல்லிய கோடுகள் இருப்பதால் அந்தப் பெயர்.

சிலந்தி வகைப் பாம்புகளுக்குத் தலை நடுங்கும். கழுத்து திருகிக்கொள்ளும். இரையைக் கொத்தப் போய்க் குறி தவறும். சில பாம்புகள் மல்லாந்து விழுந்தால் நிமிரத் தடுமாறும். ஒன்றுக்கு லேசாக இருக்கும், இன்னொன்றுக்குக் கடுமையாக இருக்கும். ஒரே ஈட்டில் பொரித்த குட்டிகளிடையேகூட இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம்.

காரணம் உள்காதில் இருக்கிறது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, ஆனால் உள்காது உண்டு. நமக்கு இருப்பதுபோலவே அதற்கும் உள்காதில் அரைவட்டக் குழாய்கள் மூன்று. அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைவதை வைத்துத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளை அறிகிறது. பக்கத்தில் இருக்கும் சிறுபை என்ற உறுப்பு, மேல் எது கீழ் எது என்பதை அறிய உதவுகிறது. தாப்பாவிலிருந்து நம் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதையில் பேருந்தில் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண் ஒன்று சொல்லும், உள்காது இன்னொன்று சொல்லும், தலை சுற்றும், வயிறு புரட்டும். நமக்குப் பேருந்தை விட்டு இறங்கினால் சரியாகிவிடுகிறது. சிலந்தி வகைப் பாம்புக்கு இறங்கும் இடமே இல்லை.

ஸ்டார்க், ஷ்ரெங்க், ஷ்ரோடர், பீஸ் ஆகிய ஆய்வாளர்கள் இந்தப் பாம்புகளின் தலையை நுண்-சிடி படம் எடுத்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அரைவட்டக் குழாய்களும் சிறுபையும் பிறவியிலேயே உருக்குலைந்திருந்தன. அதாவது, அந்த வகை சந்தைக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் காரணம் படத்தில் தெரிந்தது.

1859இலேயே எழுதப்பட்ட எச்சரிக்கை

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வி புதிதல்ல. 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே, நீலக் கண் பூனைகளுக்குக் காது கேட்பதில்லை என்று சார்லஸ் டார்வின் குறிப்பிட்டார். ஒரு பண்பைத் தேர்ந்தெடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வேறொன்றும் வரும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினார். பூனைகளில் இதன் விளக்கம் இன்று நமக்குத் தெரியும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் காது கேட்காது.

அதே நூலில் புறாக்களைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. குட்டையான அலகு அழகு என்று கருதி, தலைமுறை தலைமுறையாக அதையே தேர்ந்தெடுத்து வளர்த்த கரணப் புறாக்கள் இங்கிலாந்தில் இருந்தன. அலகு குட்டையாகிக் குட்டையாகி, கடைசியில் குஞ்சுகளால் முட்டையோட்டை உடைக்க முடியாமல் போனது. உள்ளேயே இறந்தவை அதிகம். வளர்ப்பவர்களே ஓட்டை உடைத்து உதவ வேண்டியிருந்தது. தானாகப் பிறக்க முடியாத உயிரை அழகு என்று கொண்டாடினார்கள்.

இதற்குப் பின் மரபியல் பிறந்தது. கிரகோர் மெண்டல் 1865இல் பட்டாணிச் செடிகளைப் பற்றி உரையாற்றி, 1866இல் அச்சிட்டார். 1900இல் உலகம் அதை மறுபடி கண்டுபிடித்தது. ஐந்தே ஆண்டுகளில், 1905இல், பிரெஞ்சு விலங்கியலாளர் லூசியன் கேனோ மஞ்சள் எலிகளில் ஒரு புதிரைக் கண்டார். மஞ்சள் எலியையும் மஞ்சள் எலியையும் சேர்த்தால் மெண்டல் கணக்குப்படி 3:1 வர வேண்டும். வந்ததோ 2:1. தூய மஞ்சள் எலி ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மஞ்சள் மரபணுவும் பெற்ற கரு பிறக்கும் முன்பே அழிந்துவிடுகிறது என்று 1910இல் அமெரிக்காவின் காஸிலும் லிட்டிலும் விளக்கினார்கள். பாடநூலில் கொல்லி மரபணு என்று படிக்கிறோமே, அது இதுதான். உயிரோடு பிறக்கும் மஞ்சள் எலிகளும் வயதாக ஆக அளவுக்கு மீறிக் கொழுத்துவிடும். ஒரே மரபணு நிறத்தையும் மாற்றுகிறது, உடலின் செயல்பாட்டையும் மாற்றுகிறது. இப்படி ஒரு மரபணு பல பண்புகளைப் பாதிப்பதற்குப் பல்பண்பு விளைவு என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் பிளியோட்ரோபி என்ற சொல்லை ஜெர்மானியரான லுட்விக் பிளாட்டே அதே 1910இல் உருவாக்கினார்.

ஆக, 1910 வாக்கில் அடிப்படைப் பாடம் முழுவதும் கையில் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அறியாமையால் நடந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ரீவா அரண்மனையின் வெள்ளைப் புலி

நமக்கு நெருக்கமான சான்று இந்தியாவில் இருக்கிறது. சென்னைக்குப் போனால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியைப் பார்த்திருப்பீர்கள். இன்று உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சம் ஒரே ஓர் ஆண் புலியில் போய் முடியும். அதன் பெயர் மோகன்.

1951 மே மாதம், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ரீவாவின் மகாராஜா மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைக் காட்டில் பிடித்தார். கோவிந்தகர் அரண்மனையில் வளர்த்தார். வளர்ந்ததும் பேகம் என்ற சாதாரண நிறப் பெண் புலியோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளில் ஒன்றுகூட வெள்ளையில்லை.

மாணவர்களே, இங்கே நிறுத்திக் கணக்குப் போடுங்கள். வெள்ளை ஒடுங்கு பண்பு. மோகன் aa, பேகம் AA. குட்டிகள் எல்லாம் Aa. வெளியே ஆரஞ்சு, உள்ளே வெள்ளை மரபணு ஒன்று மறைந்திருக்கும். வெள்ளைக்குட்டி வேண்டுமானால் இன்னொரு வெள்ளை மரபணு தேவை. அது யாரிடம் இருக்கிறது? மோகனின் பிள்ளைகளிடம். அப்படித்தான் மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டிகள் பிறந்தன. நான்கும் வெள்ளை. aa உடன் Aa சேர்ந்தால் ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாக இருக்க வாய்ப்பு பாதி. நான்கும் வெள்ளையாக இருக்க வாய்ப்பு 16இல் 1. அதிர்ஷ்டம் அப்படி அமைந்தது. அந்த நான்கில் ஒன்றான மோகினி 1960இல் அமெரிக்காவின் வாஷிங்டன் தேசியப் பூங்காவுக்குப் போனது. உலகமே வெள்ளைப் புலியைக் கேட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டே போனார்கள்.

விளைவு என்ன? நெருங்கிய உறவுக்குள் மறுபடி மறுபடி சேர்த்தால், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்த தீய ஒடுங்கு மரபணுக்கள் குட்டியில் ஒன்றாகச் சேரும் வாய்ப்பு கூடும். இதற்கு உட்கலப்புத் தாழ்வு என்று பெயர். குட்டி இறப்பு, உறுப்புக் குறை, நோய் எதிர்ப்பு குறைதல் எல்லாம் இதனால் கூடுகின்றன.

ஆனால் வெள்ளைப் புலிகள் பலவற்றுக்கு இருக்கும் மாறுகண் வேறு கதை. 1973இல் கில்லரி, காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வெள்ளைப் புலியின் மூளையை ஆராய்ந்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளில் சில தவறான பக்கத்துக்குப் போயிருந்தன. நிறமி குறைந்த மற்ற விலங்குகளிலும் காணப்படும் கோளாறு இது. அதாவது மாறுகண்ணுக்குக் காரணம் உறவுக்குள் சேர்த்தது இல்லை. நிறத்தை வெளுக்க வைத்த அதே மரபணுவின் இன்னொரு கை அது. வெள்ளை நிறத்துக்குக் காரணம் எஸ்.எல்.சி.45.ஏ.2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு சிறு மாற்றம் என்று 2013இல் உறுதியானது. அதற்கு முன்பே, 2011இல், அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் வெள்ளைப் புலி போன்ற அரிய நிறங்களுக்காக மட்டும் விலங்குகளை வளர்ப்பதை நிறுத்தும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது.

ஒரே புலிக்குள் இரண்டு வகைக் கோளாறுகள், இரண்டு வேறு காரணங்கள். பாம்பின் கதையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடுதான் சாவி.

பாம்புச் சந்தையின் வரலாறு

காட்டில் பிடித்த பந்து மலைப்பாம்புகளை கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக ஏற்றுமதி செய்து வந்தார்கள். எல்லாம் ஒரே பழுப்பு நிறம், மலிவான விலை. 1992இல் அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க், வெண்மையும் மஞ்சளுமான அல்பினோ பந்து மலைப்பாம்பைக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டினார். நிறம் மரபுவழி வருகிறது என்று உறுதியானதும் சந்தை தலைகீழானது. அரிய நிறப் பாம்பு ஒன்றின் விலை ஒரு காரின் விலையை எட்டிய காலமும் இருந்தது. புது நிறத்தை முதலில் உருவாக்குபவருக்குத்தான் பெரிய பணம். அடுத்தவர் கைக்குப் போய்ப் பெருகியதும் விலை சரியும். அதனால் அவசரம். இன்று ஒரு நிறத்தோடு இன்னொன்றைச் சேர்த்து உருவாக்கிய வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

1999இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு விநோதமான பாம்பு, அமெரிக்க வளர்ப்பாளர் கெவின் மெக்கர்லியின் கைக்கு வந்தது. அதுதான் முதல் சிலந்தி. அல்பினோ ஒடுங்கு பண்பு. சிலந்தி ஓங்கு பண்பு. ஒரே ஒரு சிலந்தியை எந்தச் சாதாரணப் பாம்போடு சேர்த்தாலும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி சிலந்தியாகவே வரும். அப்பாவை மகளோடு சேர்க்க வேண்டியதே இல்லை. வியாபாரத்துக்கு இதைவிட வசதி வேறென்ன? சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. தள்ளாட்டமும் கூடவே பரவியது.

இரண்டு சிலந்திகளைச் சேர்த்தவர்கள், இரண்டு பிரதியும் பெற்ற தூய சிலந்தியை எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்று வளர்ந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. முட்டைக்குள்ளேயே இறந்துவிடுவதாகக் கருதுகிறார்கள். கேனோவின் மஞ்சள் எலி ஞாபகத்துக்கு வருகிறதா?

சிலந்தி மட்டுமல்ல. ஷாம்பெய்ன், வோமா போன்ற நிற வகைகளிலும் தள்ளாட்டம் உண்டு. கேரமல் அல்பினோ வகையில் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் அடிக்கடி பிறக்கின்றன. கம்பள மலைப்பாம்பின் ஜாகுவார் வகையிலும் நரம்புக் கோளாறு உண்டு. அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பெற்ற வெள்ளைக்குட்டிகள் பிழைப்பதில்லை. அதேசமயம், எல்லா நிற வகையும் நோயுள்ளவை என்று சொல்லிவிடக் கூடாது. அல்பினோவுக்கு வெளிச்சம் கூசும், மற்றபடி பொதுவாக நன்றாகவே வாழும். எந்த மரபணு என்பதைப் பொறுத்தது அது.

தீரும் கோளாறு, தீராத கோளாறு

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தள்ளாட்டத்தைப் பார்த்த வளர்ப்பாளர்கள் பலர், "உறவுக்குள்ள சேர்த்ததாலதான் இப்படி ஆயிருக்கு. வெளி ரத்தம் சேர்த்துக்கிட்டே வந்தா சரியாயிடும்" என்று நம்பினார்கள். ஆட்டையும் மாட்டையும் வளர்த்தவர்களின் அனுபவம் அது, தவறான அனுபவமும் அல்ல. உட்கலப்பால் வந்த தாழ்வு வெளிக்கலப்பால் பெரும்பாலும் குறையும். புதிய குருதியில் வரும் நல்ல மரபணு, தீய ஒடுங்கு மரபணுவை மூடிவிடும்.

ஆனால் சிலந்தி விஷயத்தில் அது பலிக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே தொடர்பில்லாத சாதாரணப் பாம்புகளோடு சேர்த்துத்தான் அது பெருகியது. வெளிக்கலப்புக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படியும் ஒவ்வொரு தலைமுறையிலும் கோடு போட்ட குட்டிகளுக்குத் தள்ளாட்டம் வந்தது. கோடு இல்லாத உடன்பிறப்புகளுக்கு வரவில்லை. ஏன்? கோடும் தள்ளாட்டமும் இரண்டு வேறு பொருள்கள் இல்லை. ஒரே மரபணுவின் இரு முகங்கள். காசின் ஒரு பக்கத்தை மட்டும் வாங்க முடியுமா?

தேர்வில் 'உட்கலப்பின் தீமைகள்' என்று கேட்டால், மாணவர்கள் வெள்ளைப் புலியின் மாறுகண்ணையும் பாம்பின் தள்ளாட்டத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அது பிழை. இப்படி நினைவில் வையுங்கள்: உட்கலப்புத் தாழ்வு, பல மரபணுக்கள் கெட்ட கூட்டாகச் சேர்வதால் வருவது, புதிய குருதி சேர்த்தால் குறையும். பல்பண்பு விளைவு, விரும்பிய பண்பைத் தரும் மரபணுவே கோளாறையும் தருவது. அந்தப் பண்பைக் கைவிட்டால்தான் தீரும்.

இரண்டாவதுதான் மனிதருக்குக் கடினம். முதலாவதில் வளர்க்கும் முறையை மாற்றினால் போதும். இரண்டாவதில் ஆசையையே மாற்ற வேண்டியிருக்கிறது.

யார் நிறுத்தினார்கள்?

2014இல் ரோஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் சிலந்தி வகையின் நரம்புக் கோளாறு பற்றியும் அதன் நலன் பற்றியும் கால்நடை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். 2018இல் பிரிட்டனின் பன்னாட்டு ஊர்வனவியல் கழகம் தன் கண்காட்சிகளில் சிலந்தி வகையை விற்கத் தடை போட்டது. வெளியிலிருந்து வந்த எதிர்ப்பாளர்கள் போட்ட தடை அல்ல அது. ஊர்வன வளர்ப்பவர்களின் சொந்த அமைப்பே போட்டது. ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டமோ, சந்ததிக்கு வேதனை வரும் என்று தெரிந்தே விலங்குகளை அந்த வகையில் வளர்ப்பதைப் பொதுவாகவே தடுக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. "பாம்பு நல்லா சாப்பிடுது, முட்டை போடுது, பல வருஷம் வாழுது. அப்புறம் என்ன வேதனை?" என்று கேட்கும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான். பாம்பு முனகாது, முகம் சுளிக்காது. அதன் வேதனையை அளப்பது எளிதல்ல. ஆனால் 2022இன் படங்களுக்குப் பிறகு, உறுப்பே உருக்குலைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு.

பல்லி வளர்த்த ஒருவரின் கதையை இங்கே சேர்க்க வேண்டும். சிறுத்தைப் பல்லி என்ற வளர்ப்புப் பல்லியில் லெமன் ஃப்ராஸ்ட் என்ற புது நிறம் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் தோன்றியது. எலுமிச்சை மஞ்சளும் வெண்மையும் கலந்த அழகு, நல்ல விலை. ஆனால் அந்த நிறப் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் வெள்ளைக் கட்டிகள் வந்தன. அவற்றை வளர்த்த அமெரிக்கர், கட்டிகளைப் பார்த்ததும் அந்த வகையைப் பெருக்குவதை நிறுத்தினார். பல்லிகளின் மாதிரிகளை லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக மரபியலாளர்களிடம் கொடுத்தார். 2021இல் முடிவு வந்தது: நிறத்தோடு தொடர்புடைய ஸ்பின்ட்1 என்ற மரபணுதான் கட்டிகளுக்கும் காரணம். மனிதரின் தோல் புற்றுநோயைப் புரிந்துகொள்ளவும் அந்த ஆய்வு உதவக்கூடும். லாபம் கையில் இருந்தபோதே நிறுத்தவும் முடியும் என்பதற்கு இது சான்று.

நம் பக்கத்து வியாபாரம்

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 11 அன்று, பேங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து யாரும் உரிமை கோராத பைகளில் 45 பந்து மலைப்பாம்புகளும் 8 சோளப் பாம்புகளும் மற்ற உயிரினங்களோடு பிடிபட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று, நம் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. பந்து மலைப்பாம்பும் சோளப் பாம்பும் ஆசியக் காட்டுப் பாம்புகளே அல்ல. ஒன்று ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, மற்றது அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்ப்புச் சந்தைக்காகவே இந்தப் பக்கம் வருகின்றன.

இந்தியா 2022இல் தன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அயல்நாட்டு உயிரினங்களையும் அதில் சேர்த்தது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் இருக்கின்றன. எந்தப் பாம்பானாலும் வாங்குவதற்கு முன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்பதுதான் முதல் படி.

கடத்தலுக்கும் மரபியலுக்கும் தொடர்பு இருக்கிறது. பெட்டிக்குள் ஒளித்து வந்த பாம்பின் அப்பா யார், அம்மா யார், எந்த மரபணுக்களைச் சுமக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நிறம் மட்டும்தான் தெரியும். கைப்பேசியில் படம் பார்த்துக் காசு அனுப்புபவருக்கும் நிறம் மட்டும்தான் தெரியும். வளர்ப்பு வரலாறு தொலைந்துபோன இடத்தில், கோளாறு சத்தமில்லாமல் கை மாறுகிறது.

மாணவனுக்குச் சொன்னது

அடுத்த வாரம் அவனைப் பார்த்தபோது இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். காணொளியை மறுபடி பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை. "அது பேலன்ஸ் கிடைக்காமத் தேடுதா டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நோய் இல்லாத வகையா வாங்கலாமா?" என்று கேட்டான்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். உரிமம் தேவையா, இருக்கிறதா? பெற்றோர் யார், என்ன வகை என்று விற்பவரால் காட்ட முடியுமா? பாம்பு நகர்வதையும் இரை பிடிப்பதையும் நேரில் பார்த்தாயா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் காசு பையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஒரு சிலந்தி விலைபோகும்போதும், இன்னோர் ஈட்டுக்கு நாம் முன்பணம் கொடுத்ததாகத்தான் ஆகும். புறாவின் அலகைக் குட்டையாக்கியவர்களும் கெட்டவர்கள் இல்லை. அழகை விரும்பியவர்கள்தான். விலையைக் கொடுத்தது குஞ்சு.

வகுப்பில் பேச, எழுதிப் பார்க்க

1. மோகனையும் பேகத்தையும் சேர்த்தபோது வெள்ளைக்குட்டி ஏன் பிறக்கவில்லை? ராதாவோடு சேர்த்தபோது ஏன் பிறந்தது? கட்டம் போட்டு விளக்குக.

2. சிலந்தியையும் சிலந்தியையும் சேர்த்து, இரண்டு பிரதியும் பெற்ற கரு இறந்துவிடுகிறது என்று கொண்டால், பொரிக்கும் குட்டிகளில் சிலந்திக்கும் சாதாரணத்துக்கும் விகிதம் என்ன? 1905ஆம் ஆண்டு எலி ஆய்வோடு ஒப்பிடுக.

3. உட்கலப்புத் தாழ்வுக்கும் பல்பண்பு விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை, இக்கட்டுரையில் வரும் ஆளுக்கொரு சான்றோடு எழுதுக.

4. 'விலங்கு உயிரோடு இருந்தால் போதும், நலம் என்பது நம் கற்பனை.' இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ 200 சொற்களில் கட்டுரை எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான்காவது கேள்விக்கு மாணவர்கள் எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் தடுக்காதீர்கள். மாறுகண்ணுக்குக் காரணம் உட்கலப்பு என்று எழுதினால் மட்டும் சிவப்பு மையால் திருத்திவிடுங்கள்.